வாடூனும் உப்புக்கண்டமும்

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைக் கூறுமிடத்து வரும் 'வாடூன்' என்னும் சொல்லுக்கு 'உப்புக்கண்டம்' எனப் பொருளுரைத்தல் வழக்காய் உள்ளது. மாணாக்கரும் அதனை ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றனர். அவ்வுரை எத்துணைப் பொருந்தும் என்பதனைச் சிற்றூர்களில் ஆடு வளர்த்து ஊன் பதப்படுத்துவோர்தம் தொழில்முறையைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். சொல்லாராய்ச்சிக்கு ஆட்டுப்பட்டி எற்றுக்கு எனின், பண்டம் ஆகும் முறையை அறியாதவழி அதன் பெயரும் முழுதும் விளங்காது என்க.

மானாவாரி நிலமுடைய குடியானவர் நாலைந்து வெள்ளாடுகளேனும் வைத்திருப்பர். அவை பகலில் மேய்ந்து இரவில் படல் கட்டிய பட்டியில் அடையும். மேய்ச்சலுக்குச் செல்லவியலாத இளங்குட்டிகளைக் கொடாப்பினுள் கவிழ்த்து வைப்பர். சினையாடு ஏறத்தாழ ஐந்து திங்களில் ஈனும். கிடாக்குட்டிகளுள் பொலிகிடாவாக ஒன்றை நிறுத்தி, ஏனையவற்றைக் காயடிப்பர். காயடியாத முதிர்ந்த கிடாவின் ஊனில் மொச்சை வீசும். அகவையைப் பல்லால் அறிவர். ஆட்டிற்கு மேல்தாடையில் முன்பல் இல்லை; கீழ்த்தாடையின் நடுப் பாற்பல் இரண்டும் விழுந்து நிலைப்பல் முளைக்குமுன், அஃதாவது ஏறத்தாழ ஓராண்டு அளவில், அறுத்தால் ஊன் மென்மையாக இருக்கும். தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆண்பாற்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர் கூறுகின்றது. இவை ஒருபொருட் பன்மொழிகளோ, பருவமும் இனமும் காயடிப்பும் பற்றி வேறுபட்டனவோ என்பது தனியே ஆராய்தற்குரியது.

இனி, 25 கிலோ எடையுள்ள ஆட்டை அறுத்தால் என்போடு கூடிய ஊன் அதிற் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். பின்னங்கால்களைக் கட்டித் தொங்கவிட்டுத் தோலுரிப்பர்; குடலும் பித்தப்பையும் உடையாதவாறு அகற்றுவர், பித்தம் பட்ட ஊன் கசக்குமாதலின். பத்துக் கிலோவிற்கு மேற்பட்ட ஊனை ஒரு குடும்பம் ஒரு பகலில் உண்ணவியலாது. வெப்ப நாட்டில் மறுநாள்வரை அது நில்லாது. இவ்விடர்க்குச் சிற்றூரார் கண்ட வழி இரண்டு. ஒன்று கூறு போடுதல்: தொடை, சப்பை, நெஞ்செலும்பு, ஈரல், சுவரொட்டி எனப்படும் மண்ணீரல் ஆகிய ஒவ்வொன்றினின்றும் சிறிது சிறிது எடுத்து ஒத்த கூறுகளாக வைத்துப் பல குடும்பத்தார் பகிர்ந்துகொள்வர். மற்றொன்று உப்புக்கண்டம்.

உப்புக்கண்டத்திற்கு என்பில்லாத தொடைக்கறியே ஏற்றது. கொழுப்பை நீக்கிவிடுவர், அது நாட்படச் சிக்குநாற்றம் கொள்ளும். துண்டங்களில் உப்பும் மஞ்சளும் மிளகாயும் அரைத்துப் பிசறி, நூலிற் கோத்து வெயிலில் தொங்கவிடுவர்; பனி படாதவாறு மாலையில் உள்ளே எடுப்பர். கொழுப்பற்ற பச்சை ஊனில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீரே. உப்பு அந்நீரை வெளியே ஈர்த்து நுண்ணுயிர் பெருகாமற் காக்க, வெயில் எஞ்சியதை வாட்டுகின்றது. (மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழி வந்தது, ஆதலின் இச்சேர்மானத்தைப் பழைமையுடையதாகக் கொள்ளலாகாது.)

ஆகவே உப்புக்கண்டம் என்னும் பெயரில் உப்பும் துண்டமும் சுட்டப்படுகின்றன; வாட்டுதல் சுட்டப்படவில்லை. வாடூன் என்பதிலோ வாட்டம் ஒன்றே உண்டு; உப்பு இல்லை. உப்பின்றி ஊன் உலருமோ எனின், உலரும். வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினர் காட்டெருமை ஊனை மெல்லிய தகடுகளாக அரிந்து உப்பின்றியே வெயிலிலும் காற்றிலும் உலர்த்தினர். வறண்ட காற்று வீசும் பாலை நிலத்தில் எயினர்க்கும் அஃது இயலாததன்று. அவர் வேட்டுவர் என்பதும், உப்புக்கண்டம் இடுவோர் ஆடு வளர்ப்போர் என்பதும் நினைக்கத்தக்கன.

அந்நூலிலேயே உமணரின் உப்பு வண்டிகள் கூறப்படுதலின், எயினர்க்கு உப்புக் கிட்டாது என யாம் துணிந்து கூறோம். எனினும் உருத்திரங்கண்ணனார் எயிற்றியர் அடுமாறு கூறுங்கால் உப்பைக் கூறவில்லை. கிணற்றின் உவர்நீரையே கூறுகின்றார். உப்புச்சுவை ஊனில் முன்னரே ஏறியிருந்ததன்று, அடுங்கால் உலைநீரால் வந்தது எனக் கொள்ளின் சொல்லும் இடமும் ஒருங்கே பொருந்தும். ஆதலின் வாடூன் என்பதற்கு 'உலர்ந்த ஊன்' என்ற அளவில் பொருள் கொண்டு, உப்புக்கண்டத்தை அதன் வகைகளுள் ஒன்றாக வைத்தலே தக்கது.