வாசல் நிலையில் ஒரு கம்பி

கம்பியைப் பிடித்துத் தொங்கி, முகவாய் அதற்கு மேலே வரும்வரை உடலை இழுக்க வேண்டும். ராணுவத்தில் பொதுப்பணி அக்னிவீரர் தேர்வில் 10 முறை இழுத்தால் 40 மதிப்பெண். 6 முறைக்கு வெறும் 16. 2022இல் அத்திட்டம் வந்தபின் வாடகை அறைகளில்கூட ‘புல்-அப் பார்’ மாட்டப் பார்க்கிறார்கள் இளைஞர்கள்.

கொக்கி போல் மாட்டும் வகை மேலைநாட்டு வீடுகளுக்காகப் பிறந்தது. அங்கே நிலையைச் சுற்றி மரப்பட்டை துருத்தி நிற்கும். இங்கோ நிலை பெரும்பாலும் சுவரோடு சமமாக முடிந்துவிடுகிறது. கொக்கி எதைப் பிடிக்கும்?

மிஞ்சுவது, திருகத் திருக நீண்டு இருபுறமும் அழுந்தும் கம்பி. தாங்குவது வெறும் உராய்வுதான். உறுதியான மர நிலையென்றால் சரி. உள்ளே கூடான பிவிசி நிலை பிதுங்கிவிடும். சிமெண்ட் பூச்சில் வைத்தால் பூச்சோடு ஆளும் கீழே வரலாம். இழுக்கும் கையே கம்பியைத் திருப்பித் தளர்த்தவும் கூடும். எனவே தினமும் இறுக்கிவிட்டு, கால் தரையில் இருக்கும்போதே பாதி எடையைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. ஊஞ்சலாட்டம் கூடவே கூடாது. வீட்டுக்காரர் சம்மதித்தால் (அதுதான் சிரமம்) முனைகளைத் தாங்கும் கிண்ணங்களைத் திருகாணியால் நிலையில் பொருத்திவிடலாம்.

வாசல் உயரம் போதவில்லையா? முழங்காலை மடக்கிக்கொண்டு இழுக்கலாம்.