ஒரு வருடத்தில் தாதியாகலாமா?

முதியோர் இல்லமொன்றில் உதவியாளராக இரவு வேலை செய்யும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். இடம் அமெரிக்கா. நோயாளிகளைக் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் அவளது வேலை. அதற்கு அந்நாட்டு மத்திய அரசு கேட்பது குறைந்தது 75 மணித்தியாலப் பயிற்சிதான். தாதியாகும் ஆசை அவளுக்குண்டு. ஆனால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சம்பளத்தையும் விட்டுவிட்டு, இரண்டு அல்லது நான்கு வருடம் படிக்க எப்படி முடியும்?

இத்தகையோருக்கு அங்கே ஓர் இடைவாசல் இருக்கிறது. 'லைசன்ஸ்ட் பிரெக்டிகல் நர்ஸ்', சுருக்கமாக எல்.பி.என். கலிபோர்னியாவிலும் டெக்ஸாஸிலும் இவரையே எல்.வி.என். என்பார்கள். சமூகக் கல்லூரியிலோ தொழிற்கல்லூரியிலோ ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு. கூடவே நோயாளிகளிடத்தில் நேரடிப் பயிற்சி. பின்னர் 'என்கிளெக்ஸ்-பி.என்.' பரீட்சை. 1994 முதல் இது கணினியில்தான் நடக்கிறது. சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும்; பிழைத்தால் இலகுவாகும். தேறியவருக்கு மாநிலத் தாதியர் சபை அனுமதிப்பத்திரம் வழங்கும்.

இரத்த அழுத்தம் பார்ப்பார், காயத்துக்கு மருந்து கட்டுவார், இன்சுலின் ஏற்றுவார். எல்லாம் பதிவு பெற்ற தாதி அல்லது டாக்டரின் மேற்பார்வையில். நாளத்தில் மருந்தேற்றலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 2023இல் இவர்களது இடைநிலை வருட ஊதியம் 59,730 டொலர். பதிவு பெற்ற தாதியருக்கோ 86,070 டொலர். ஆகவேதான் பலர் இதை முதற்படியாகக் கொண்டு, வேலை செய்தவாறே பாலக் கற்கைநெறியொன்றில் சேர்ந்து, 'என்கிளெக்ஸ்-ஆர்.என்.' எழுதிப் பதிவு பெற்ற தாதியாகிறார்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். "ஒரே வருடம்" என்ற விளம்பரத்தில் மயங்கி, தனியார் பள்ளிக்குப் பெருந்தொகை கட்டிவிடுகிறார்கள். பிறகு மேற்படிப்புக்குப் போனால், அங்கு படித்த பாடங்களை அடுத்த கல்லூரி ஏற்காமல் போகலாம். கடனும் மிஞ்சும், காலமும் வீண்.

என்னைக் கேட்டால், கட்டணம் குறைந்த சமூகக் கல்லூரியில் இரண்டு வருடப் பதிவுத் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்து, வீடும் தாங்குமென்றால் அதுவே மேல். ஒன்றும் ஒன்றும் கூட்டினால் இடைவாசல் வழியும் இரண்டு வருடத்துக்குக் குறையாதே! வீடு தாங்காத தாய்க்கோ, நடுவில் ஒரு வருடத்திலேயே சம்பளம் உயர்வது சிறிய விடயமல்ல.

அவள் முற்பணம் கட்டுமுன், பள்ளி அங்கீகாரம் பெற்றதா என்று மாநிலத் தாதியர் சபையிடம் கேட்கட்டும். பாடங்கள் செல்லுமா என்று கேட்க வேண்டியது பணம் வாங்கும் பள்ளியிடமல்ல. பிறகு சேர நினைக்கும் கல்லூரியிடம். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.