எப்.சி. காட்டிய பழைய பைக்கை மலையில் நம்பலாமா?

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளுக்குக் குறைவில்லை. காபி, மிளகு, மலைவாழை விளையும் இந்தக் கீழ்ப்பழனி மலைப் பகுதியில் பேருந்தை மட்டும் நம்பி எல்லா வேலையும் நடந்துவிடாது. தோட்டத்துக்குப் போவதும், மருத்துவமனைக்கு இறங்குவதும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போய் வருவதும் பலருக்குப் பைக்கில்தான். பல வீடுகளில் அத்தா வாங்கிய வண்டியைத்தான் இன்று மகன் ஓட்டுகிறார்.

அப்படிப்பட்ட வண்டியைப் பற்றிக் கேட்டால் உடனே வரும் பதில், "எப்.சி. காட்டியாச்சு, இன்னும் மூணு வருஷம் இருக்கு" என்பதுதான். பழைய வண்டியை வாங்கும்போதும் இதையே கேட்டுவிட்டு விலை பேசுகிறோம். அந்தத் தாள் உண்மையில் எதற்கு உத்தரவாதம் தருகிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

சட்டம் சொல்வது என்ன?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 41ஆம் பிரிவின்படி, சொந்தப் பயன்பாட்டு பைக்கின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம். காப்பீடு, புகைச் சான்று, பசுமை வரி ஆகியவை சரியாக இருக்க வேண்டும். வண்டியை நேரில் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம், அதாவது நம் ஊர்களில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று அழைக்கப்படுபவரிடம் காட்ட வேண்டும். இதைத்தான் நாம் எப்.சி. என்கிறோம். 2022 ஏப்ரல் முதல் பைக்குக்கான புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். 20 ஆண்டுகளைத் தாண்டிய பைக்குகளுக்கு 2025 ஆகஸ்டில் இது 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

கட்டணம் கூடிவிட்டதே என்று புதுப்பிக்காமல் விடுவது சரியல்ல. பதிவு செல்லாத நிலையில் சாலையில் ஓடி விபத்துக்குள்ளான வண்டியின் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2014இல் நரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே எப்.சி. கட்டாயம் தேவை. ஆனால் அது மட்டுமே போதுமா?

ஆய்வில் தெரிவதும் தெரியாததும்

ஆய்வாளர் சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார். விளக்குகள், இண்டிகேட்டர், ஹாரன், கண்ணாடி, நம்பர் பிளேட், டயர், பிரேக் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்க்கிறார். இவை எல்லாம் வெளியில் தெரிபவை. பிரேக் டிரம்மைக் கழற்றி உள்ளே ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது, உறைக்குள் இருக்கும் பிரேக் ஒயரில் எத்தனை இழைகள் அறுந்திருக்கின்றன என்பதைச் சில நிமிட ஆய்வில் யாராலும் சொல்ல முடியாது. எப்.சி.க்கு முதல் நாள் நல்ல டயரையும் கண்ணாடியையும் இரவல் வாங்கி மாட்டி, மறுநாள் கழற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

புகைச் சான்றின் எல்லை இதைவிடச் சிறியது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்பதை மட்டுமே அது சொல்கிறது. பிரேக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்தது கால இடைவெளி. 2008இல் பதிவான பைக், 2023இல் முதல் முறையாக ஆய்வுக்குப் போகும். அதன் பின்னர் 2028 வரை யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. சிங்கப்பூரில் மூன்று ஆண்டு கடந்த பைக்கை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அங்கு வேலை செய்யும் நம் உறவினர்களுக்குத் தெரியும். பிரிட்டனிலும் அப்படித்தான். அங்கும்கூட, சோதனைச் சான்று அன்றைய நிலையைத்தான் சொல்கிறது. அடுத்த சோதனை வரை வண்டி நன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி அல்ல. ஆண்டுக்கொரு முறை தரும் சான்றுக்கே இந்த நிலை என்றால், ஐந்தாண்டுச் சான்றை எவ்வளவு தூரம் நம்புவது?

மலை இறக்கம் கேட்கும் கணக்கு

ஆய்வின்போது வண்டி ஓடுவது சமதளத்தில், ஒருவர் மட்டும் அமர்ந்து, சிறிது தூரம். பாச்சலூரிலிருந்து இறங்கும் வண்டியின் நிலை வேறு. 100 சிசி பைக்கின் எடை சுமார் 110 கிலோ. இரண்டு பேர் 130 கிலோ, ஒரு மூட்டை 50 கிலோ என்றால் மொத்தம் 290 கிலோ. இந்த எடை 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. காற்றும் இன்ஜினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. சூட்டில் டிரம் விரிகிறது. ஷூவின் பிடிமானம் குறைகிறது. சமதளத்தில் நன்றாகப் பிடித்த அதே பிரேக், பத்தாவது வளைவில் மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போவது இதனால்தான்.

பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்தோ நியூட்ரலிலோ இறங்குவது மிக ஆபத்தானது. அப்போது இன்ஜின் தரும் தடையும் இல்லாமல் போய், முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதே முறை. கியர் இல்லாத டி.வி.எஸ். எக்ஸ்.எல். போன்ற வண்டிகளில் இன்ஜின் தடை குறைவு. அவற்றில் சுமையைக் குறைத்து, இடையிடையே நிறுத்திப் பிரேக்கை ஆறவிட்டு இறங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய பைக்குகளில் 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ்., அதற்குக் கீழ் இரு சக்கரத்துக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். பிரேக் கட்டாயம். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இவை இல்லை. ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டால் சமாளிக்க வேண்டியது ஓட்டுபவர்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருளக் கூடாது. பிரேக் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டால் ஷூவையும் ஒயரையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். லீவர் முனையில் ஒரு இழை அறுந்திருந்தாலும் ஒயரை மாற்றிவிட வேண்டும்.

டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது இரு சக்கர வாகனங்களுக்கான விதி. மலைக்கு அந்த எல்லை வரை காத்திருக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் நன்றாகத் தெரிந்தாலும், வயதான ரப்பர் இறுகி ஈரத்தில் பிடிப்பை இழந்துவிடும்.

நடு ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கலாம். ஹேண்டில் கடகடவென்றால் கோன்செட்டைப் பார்க்க வேண்டும். பனிமூட்டத்தில் உங்களை அடையாளம் காட்டுவது பின்விளக்குதான். கை பிரேக், கால் பிரேக் இரண்டிலும் அது எரிகிறதா என்று பாருங்கள்.

பழைய வண்டி வாங்குபவர், தாளில் உள்ள தேதியைப் பார்த்ததோடு நிற்காமல், தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு டிரம்மைக் கழற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். விற்பவரும் தெரிந்த குறையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டியில் நாளை ஏறி அமரப்போவது ஒரு குடும்பம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, சாதாரணக் கவனத்திலேயே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஆபத்தான பழுதோடு வண்டியை ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அதற்கான அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தப் பழுதால் விபத்து நடந்து காயம் ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எப்.சி. கையில் இருந்தாலும் இந்தப் பொறுப்பு ஓட்டுபவரை விட்டு நீங்காது. பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து மலை இறங்குவதற்கு முன், அந்தப் பத்து நிமிடச் சோதனையை நாம்தான் செய்ய வேண்டும்.