இல்லாளுடன் ஒரு கச்சேரி

கர்நாடக இசைக்கும் நமக்கும் வெகு தூரம். கோயில் திருவிழாத் தவிலோசையில் வளர்ந்த செவிக்கு, நீண்ட ஆலாபனை கொட்டாவியையே வருவிக்கும். எனினும் ஸ்காபரோவில் கச்சேரி என்றால் நாமும் புறப்பட்டுவிடுகிறோம்.

காரணம் இல்லாள். மருதனார்மடத்தில் 1960ஆம் ஆண்டு தோன்றிய இராமநாதன் இசைக் கல்லூரியில் பயின்றவர் அவர். வீணை ஊரோடு போயிற்று; இங்கே இரவுவேலையும் பிள்ளைகளின் படிப்பும் பாட்டை விழுங்கின. பனிக்காலத்தில் இரண்டு பஸ் மாறித் தனியே போகவும் அவருக்கு மனம் வராது. நாம் மறுத்தால் அவரும் வீட்டிலேயே இருந்துவிடுவார். எஞ்சியிருக்கும் இசையும் அத்தோடு போய்விடும்.

பொழுதைக் கழிக்க வழியுண்டு. இன்றைய கச்சேரி ஒழுங்கை வகுத்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) என்பர். முதலில் வர்ணம், பின் கீர்த்தனைகள், விரிவான இராகம், தனி ஆவர்த்தனம், முடிவில் துக்கடாக்கள். இவ்வரிசை தெரிந்தால் எங்கே நிற்கிறோம் என்பது விளங்கும். தனி ஆவர்த்தனத்தின்போது ஆடவர் பலர் தேநீருக்கு எழுந்துவிடுகின்றனர். தவில் கேட்டு வளர்ந்தோர் இருந்து கேட்க வேண்டிய கட்டம் அதுவே. ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் அருகிலிருப்பவரின் கையைப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம்.

பிடித்ததாக நடிக்க வேண்டியதில்லை. மனைவியர் அதை உடனே அறிவர். கைக்கடிகாரத்தைப் பாராதிருந்தால் போதும். அடுத்த முறை வீட்டில் அழைப்பு வந்தால், நண்பர்களே, மேலங்கியை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.