வறள்காட்டு மண்ணில் வாழும் பூசணங்கள்

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மண்ணிலுள்ள பூசணம் என்றதும் வெள்ளை வேர் நோயே நினைவுக்கு வரும். பழைய அடிக்கட்டையில் தங்கி, வேர் வழியே பரவி, செழித்து நின்ற மரத்தையும் சாய்த்துவிடும் பகை அது. ஆயின், மண்ணில் வாழும் பூசணங்கள் யாவும் பகையல்ல. அவற்றுட் பலவற்றின் துணையின்றிக் காடே இல்லை எனலாம். ஆண்டில் சில திங்களே மழை காணும் வெப்பமண்டல வறள்காடுகள் இதற்கு நல்ல சான்று.

நாம் பறிக்கும் காளான், செடிக்குக் கனி எப்படியோ அப்படிப் பூசணத்தின் ஓர் உறுப்பேயாகும். அதன் உடல் மெல்லிய இழைகளாக மண்ணுக்குள் பரந்து கிடக்கிறது. தொழிலால் பூசணங்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதல்வகை சருகையும் பட்ட மரத்தையும் மக்கவைத்து உரமாக்கும். இரண்டாம்வகை நோய் விளைக்கும். மூன்றாம்வகை உயிருள்ள வேருடன் கூடி வாழும். இதனை வேர்ப்பூசணம் என்பர். வேர் எட்டாத இடங்களிலும் இதன் இழைகள் புகுந்து நீரையும் மணிச்சத்தையும் கொணர்கின்றன. மரமோ, தன் இலையில் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கை அதற்கு ஊட்டுகிறது. இக்கூட்டுறவுக்கு 1885-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் ஜெர்மானியத் தாவரவியலறிஞர் பிராங்க்.

வேர்ப்பூசணத்திலும் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று வேரின் உயிரணுக்களுக்குள் நுழைந்து வாழ்வது. தேக்கு, புளி, வேம்பு, நமது ரப்பர் ஆகியவை இதனைச் சார்ந்தவை. மற்றது வேர்நுனியை உறைபோல் மூடிக்கொள்வது. இந்தியாவின் சால மரத்துக்கு இதுவே துணை. சால மரமும் நம் காட்டு மெராந்தியும் ஒரே குடும்பத்தவை. மெராந்திக்கு ஆண்டு முழுதும் மழை கிட்டுகிறது. சாலமோ பல திங்கள் வறட்சியைத் தாங்கி நிற்கிறது.

அவ்வறட்சியில் பூசணங்கள் எவ்வாறு பிழைக்கின்றன? சில, தடித்த சுவருடைய வித்துகளாக உறங்கும். சில, இழைகளைத் திரட்டிக் கெட்டியான உருண்டைகளாகக் கிடக்கும். சில, வேருக்குள்ளேயே பதுங்கும். முதல் மழை நனைத்ததும் மண்ணின் நுண்ணுயிர்கள் பல விழித்தெழுகின்றன. காய்ந்த மண் நனையும்போது சத்துகள் திடீரென வெளிப்படுவதை, கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த பெர்ச் 1958-இல் விளக்கினார். மழையில் விரைந்து வளர்வன, வறட்சியைப் பொறுப்பன, சருகில் வாழ்வன, வேரில் வாழ்வன எனப் பலவகைப் பூசணங்கள் ஒரே காட்டில் இடம்பெற இப்பருவமாற்றமும் ஒரு காரணம்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பர் நம் பெரியோர். ஜார்க்கண்ட் மாநிலத்துச் சாலக் காடுகளில் மழை தொடங்கியதும் பழங்குடி மக்கள் நிலத்தைக் கிளறி, ‘ருக்டா’ என்னும் உருண்டைக் காளானைத் திரட்டுகின்றனர். அது அவர்களுக்கு உணவு. சந்தையில் நல்ல விலையும் பெறும். சால வேருடன் கூடி வாழும் பூசணத்தின் விளைவே அது. ஆகவே, மரம் போனால் காளானும் போகும். காளானோடு அவர்களது வருவாயும் போகும்.

பூசணம் இல்லையேல் மரத்துக்கு யாது நேரும்? கரிபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவு இதற்கு விடை கூறும். அங்கே பைன் மரம் வளர்க்கப் பலமுறை முயன்றும் நாற்றுகள் குன்றி மடிந்தன. 1950-களில் வட அமெரிக்கப் பைன் காட்டின் மண்ணைக் கொணர்ந்து இட்ட பின்னரே அவை தழைத்தன. வந்த மண்ணோடு உரிய பூசணமும் வந்து சேர்ந்ததே காரணம்.

இதுவரை பெயரிடப்பட்ட பூசண இனங்கள் சுமார் 1,50,000. உலகில் 22 இலட்சம் முதல் 38 இலட்சம் வரை இருக்கலாம் என 2017-இல் அறிஞர் மதிப்பிட்டனர். நாம் அறிந்தது மிகச் சிறிதே என்பது இதனால் விளங்கும். வறள்காடு வெட்டவும் கொளுத்தவும் எளிது. அழித்த இடத்தில் பின்னர் ஆயிரம் கன்றுகளை நட்டு எண்ணிக் காட்டலாம். ஆனால் பெயரறியாமலே நாம் இழந்த பூசணங்களை எந்த நாற்றங்காலிலிருந்து கொணர்வது? காட்டைக் காப்பதென்பது மரத்தோடு அதன் மண்ணையும் காப்பதேயாகும். மாணவரை மரம் நட அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், குழி தோண்டும்போது ஒரு பிடி மண்ணைக் கையிலேந்தி இதனை முதலில் விளக்குவார்களாக.