கணினிவழி நீரிழிவுப் பயிற்சியும் மருந்தியல் மாணவரும்: இன்சுலின் ஊசிக்குழலை முன்வைத்து

நோயாளி இன்சுலினைச் சரியான அளவில் செலுத்திக்கொள்ளக் கற்பிப்பது நீரிழிவுப் பராமரிப்பில் மருந்தாளுநரின் பணிகளுள் ஒன்றாகும். இந்தியாவில் 2008ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளால் அமைந்த ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பு, மாணவரை மருத்துவமனைப் படுக்கையருகே கொண்டுசேர்த்தது. ஆயினும் நோயாளியின் இன்சுலின் அளவை மாற்றிப் பார்த்துக் கற்க எவராலும் இயலாது. இவ்விடத்தில்தான் கணினிவழிக் கற்றல் பயன்படுகிறது.

1996 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த 'ஐடா' என்னும் மென்பொருள் இதற்குத் தக்க சான்று. உடல் எடை, உணவின் மாவுச்சத்து, இன்சுலினின் வகை, அளவு, நேரம் ஆகியவற்றை உள்ளிட்டால், இரத்தச் சர்க்கரை ஒரு நாள் முழுவதும் ஏறி இறங்கும் போக்கை அது வளைகோடாக வரைந்து காட்டும். இரவு உணவைக் குறைத்து, இன்சுலினைக் குறைக்காமல் விட்டால் நள்ளிரவில் நேர்வதை மாணவர் கண்ணால் காண்கிறார். தவறு செய்யலாம், எவருக்கும் தீங்கில்லை. தனி நோயாளிக்கு மருந்தளவு வகுக்க இது உரியதன்று என அதனை உருவாக்கியோரே எச்சரித்துள்ளனர்.

எனினும் இத்தகைய மென்பொருளில் ஒரு விடுபடல் உண்டு. '20 அலகு' என்று உள்ளிட்டால் 20 அலகும் உடலுக்குள் சென்றதாகவே அது கொள்கிறது. நடைமுறை எப்போதும் அவ்வாறில்லை. இந்தியாவில் குப்பிகளில் விற்கப்படும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகு செறிவுடையது. 100 அலகுக் குப்பிகளும் உள்ளன. இரண்டிற்கும் ஊசிக்குழல் வேறு. 40 அலகுக்குரிய குழலில் 20 என்ற கோடு அரை மில்லிலிட்டரைக் குறிக்கும். அக்கோடுவரை 100 அலகுச் செறிவுள்ள இன்சுலினை ஏற்றினால் உட்செல்வது 50 அலகு, அதாவது இரண்டரை மடங்கு. சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாறாக, 40 அலகு இன்சுலினை 100 அலகுக் குழலில் 20 வரை ஏற்றினால் 8 அலகே செல்லும். சர்க்கரை குறையாததைக் கண்டு மருத்துவர் அளவைக் கூட்டவும் கூடும். இக்கணக்கு எந்த மாணவருக்கும் எளிது. கணக்கிட வேண்டும் என்ற ஐயம் எழாமையே சிக்கல்.

ஆகவே மெய்நிகர் நோயாளியைக் கொண்ட பயிற்சி, அவர் கையில் கொண்டுவரும் பொருள்களிலிருந்து தொடங்குதல் நன்று. குப்பியின் பெயர்ச்சீட்டும் குழலின் மூடியும் திரையில் தெரிய வேண்டும். 40 அலகுக்குச் சிவப்பு மூடி, 100 அலகுக்கு ஆரஞ்சு மூடி என்பது இந்திய வழக்கம். இரண்டும் பொருந்தாமையைக் கணினி சுட்டிக்காட்டக் கூடாது. மாணவர் கவனியாது விட்டால், வளைகோடு தாழ்வதைக் கண்டு காரணத்தை அவரே பின்னோக்கித் தேடட்டும். கலங்கலான இன்சுலினை உருட்டிக் கலக்கும் முறையை மட்டும் திரையால் கற்பிக்க இயலாது. அதற்குக் குப்பியைக் கையில் எடுத்தே ஆக வேண்டும்.