மருந்தடித்தவருக்கு மயக்கமா? உப்புக் கரைசல் கொடுக்காதீர்கள்

பயிருக்கு மருந்தடிக்கும்போது விஷம் ஏறியவருக்கு உப்பைக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வது சிலரிடம் உள்ள வழக்கம். இது பெருந்தவறு.

குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். வியர்வை, எச்சில், வாந்தி, பேதி ஓயாமல் வரும், கண்மணி சுருங்கும். வாந்தி பேதியோடு இரத்தத்திலுள்ள பொட்டாசியமும் குறையக்கூடும். பயிருக்கு நாம் இடும் சாம்பல் சத்தும் இதுதான். ஒரு லிட்டர் இரத்த நீரில் இது 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் கை கால் தளரும். இதயத் துடிப்பு தடுமாறும்.

சமையல் உப்பு இக்குறையைத் தீர்க்காது. இரத்தத்தில் சோடியத்தை அளவு மீறி ஏற்றி மூளையைப் பாதிக்கும். வாந்தி நுரையீரலுக்குள் இறங்கினாலும் உயிருக்கு ஆபத்து.

செய்ய வேண்டியவை:

1. நனைந்த துணியைக் களைந்து, உடலைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

2. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

3. 108-ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். மருந்து டப்பாவின் லேபிளையும் காட்டுங்கள்.

அங்கே அட்ரோபின் ஊசி போடுவார்கள். இரத்தத்தைச் சோதித்து, குறைந்த சத்தை அளவறிந்து ஏற்றுவார்கள். மேல்சிகிச்சைக்கு மீஞ்சூர், பொன்னேரி பக்கத்தாருக்குத் தண்டையார்பேட்டையை அடுத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது.

தெம்பு வந்ததும் வீடு திரும்ப அவசரப்படாதீர்கள். தேறியதாகத் தோன்றியவருக்கும் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் தளரலாம் என்று இலங்கை மருத்துவர்கள் 1987-ல் எடுத்துக்காட்டினர். டாக்டர் அனுப்பும்வரை அங்கேயே இருப்பதுதான் உயிருக்குக் காப்பு.